அடிக்கடி பழுதாகும் தனி இணையதளத்தை வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றிவிடலாமா? மாற்றியவர்கள் அனுபவம் என்ன?

மாற்றலாம். எச்டிஎம்எல் என்பது உலாவி நேராகப் படிக்கிற, பக்கம் எழுதும் குறிமொழி. நான் 2019-ல் மாற்றினேன். மேம்படுத்தினால் ஒன்று ஓடாமல் போகிறது, மேம்படுத்தாமல் விட்டால் இன்னொன்று நின்றுபோகிறது, எதைத் தொட்டாலும் பயமாக இருக்கிறது, ஆனால் தளம் இன்னும் திறக்கிறது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். என் தளமும் கடைசி இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குறிப்பாகத் தமிழ்த் தளங்களுக்கு மட்டும் வருகிற சிக்கல்கள் சில உண்டு. அவற்றை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

எனக்குச் சொந்த ஊர் முக்கூடல். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். 2010-ல் என் ஆச்சி பேசுகிற சொற்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் பல வீடுகளில் போல ஆச்சியும் பீடி சுற்றுவாள். மடியில் சொளகு, சொளகில் இலையும் தூளும். நான் பக்கத்தில் செல்போனை வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பேன். அங்கணம், பட்டாசல், தார்சா, அரங்குவீடு, முடுக்கு, சேக்காளி, வெள்ளென, பைய என்று பேச்சோடு பேச்சாக வந்து விழும். அவற்றைத் தளமாகப் போட்டேன், ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். அதில் பொருள், அந்தச் சொல்லை வைத்து ஆச்சி சொன்ன ஒரு வாக்கியம், அவள் குரலில் அரை நிமிடம். இப்படி 1,140 சொற்கள் சேர்ந்தன. "ஏட்டி, நாஞ் சொல்லுததையெல்லாம் இதுக்குள்ள புடிச்சி வச்சிக்கிடுதியே, நாளைக்குக் கேட்டா திருப்பிச் சொல்லுமா?" என்று ஒருநாள் கேட்டாள். சொல்லும் ஆச்சி என்றேன். 2016-ல் ஆச்சி போய்விட்டாள். அந்தத் தளம் எனக்கு என்ன என்பது உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

2019 பிப்ரவரியில் துபாயிலிருந்து எங்கள் ஊர்க்காரத் தம்பி ஒருவர் கூப்பிட்டார். "அக்கா, ஆச்சி பேசுனது கேக்க மாட்டேங்கு. பக்கமே வெள்ளையா வருது." திறந்து பார்த்தேன். ஒரு எழுத்துகூட இல்லாத வெள்ளைப் பக்கம். பிழைச்செய்திகூட இல்லை.

நடந்தது இதுதான். தளத்தை ஓட்டிய மென்பொருள் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. பிஎச்பி 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பர் 31-உடன் நின்றன. சர்வர் வாடகைக்குத் தருகிறவர்கள் பலர் 7-க்கு மாறினார்கள், என்னுடைய நிறுவனமும் மாறியது. தரவுத்தளத்தோடு பேசப் பழைய பிஎச்பியில் இருந்த ஒரு தொகுதிக் கட்டளைகள் 7-ல் அடியோடு நீக்கப்பட்டவை. ஒலியை இயக்க நான் போட்டிருந்த செருகுநிரல் (தளத்தோடு கூடுதலாகப் பொருத்துகிற சின்ன நிரல்) அவற்றைத்தான் நம்பியிருந்தது. அதை எழுதியவர் கைவிட்டு வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு செருகுநிரல் விழுந்ததும் மொத்தத் தளமும் விழுந்துவிட்டது.

இதில் யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது. மொழி மாறத்தான் செய்யும். ஆனால் ஒன்றை யோசித்தேன். இப்படிப்பட்ட மென்பொருளில் பக்கம் என்று ஒரு பொருளே கிடையாது. யாராவது வந்து கேட்கிற ஒவ்வொரு தடவையும் நிரல் ஓடி, தரவுத்தளத்தில் தேடி, வார்ப்புருவில் இட்டு, அந்த நொடியில் ஒரு பக்கத்தைச் செய்து கொடுக்கிறது. தினமும் மாறுகிற செய்தித் தளத்துக்கு அது வேண்டும். 'அங்கணம்' என்ற சொல்லுக்குப் பொருள் 2011-ல் எழுதியதுதான் இன்றும். வெள்ளென ஆக்கி இறக்கிய சோறு பானையில் இருக்கும்போது, வருகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உலை வைப்பானேன்? செய்து முடித்த பக்கத்தை ஒரு கோப்பாகப் போட்டுவைத்தால் சர்வருக்கு அதை எடுத்துக் கொடுப்பது ஒன்றுதான் வேலை. டிம் பெர்னர்ஸ்-லீ 1991-ல் செர்ன் ஆய்வகத்தில் போட்ட முதல் இணையப் பக்கம் இன்றைய உலாவியிலும் திறக்கிறது. நம் பக்கத்தில் மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998-ல் தொடங்கியது. பெரும்பாலும் சாதாரணப் பக்கங்கள்தான். சங்க இலக்கியம் அங்கே சிக்கலில்லாமல் படிக்கக் கிடைக்கிறது.

சரி, எப்படி மாற்றுவது என்பதற்கு வருகிறேன். உங்கள் தளம் இன்னும் திறக்கிறது, அதனால் பாதி வேலை மிச்சம். டபிள்யூகெட் (wget) என்று ஒரு இலவச நிரல் உண்டு. தளத்தின் முகப்பைக் கொடுத்தால் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டே போய் ஒவ்வொரு பக்கத்தையும் படங்களோடு கோப்பாக இறக்கிவிடும். எச்டிடிராக் என்பதும் அதே வேலையைச் செய்யும், பொத்தான் வைத்தது. அப்படி இறக்கியதை அப்படியே சர்வரில் ஏற்றினால்கூடத் தளம் ஓடும். கொஞ்சம் குப்பை இருக்கும், பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

என் தளம் திறக்கவில்லை. என்னிடம் இருந்தது தரவுத்தளத்தின் நகல் மட்டும். அதைப் புதிய இடத்தில் ஏற்றிப் பார்த்தபோதுதான் உண்மையான பயம் பிடித்தது. ஒரு தமிழெழுத்து இல்லை. தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ', அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட பதிவுக்குறி, அடுத்து ஏதோ ஒரு கிறுக்கல். திரும்பத் திரும்ப அதே ஏ, அதே வட்டம். 1,140 சொல்லும் அப்படி.

தமிழ்த் தளம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். எழுத்துரு மாற்றுவது என் பிழைப்பு. பாமினி, திஸ்கி மாதிரிப் பழைய எழுத்துமுறைகளில் அடித்துக் கொண்டுவருவதை, இன்று எங்கும் புழங்குகிற யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கிறேன். அதனால் அந்த வட்டத்தைப் பார்த்து உட்கார்ந்து யோசித்ததில் விஷயம் பிடிபட்டது. யூனிகோடைக் கோப்பில் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், அதாவது மூன்று எண். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது, உயிரெழுத்துக்கும் மெய்க்கும் கால், இகரக் குறிக்கும் 174. ஈகாரக் குறியிலிருந்து புள்ளி வரைக்கும் 175. இதை மேற்கத்திய லத்தீன்-1 எழுத்துத் தொகுதியாக நினைத்துப் படித்தால் 224 என்பது அந்தச் சாய்கோடு போட்ட 'ஏ', 174 என்பது அந்த வட்டக் குறி. ஆக, தமிழ் எங்கும் போகவில்லை. அது தமிழ் என்று யாரும் தரவுத்தளத்திடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். 2010-ல் தளம் நிறுவும்போதே தரவுத்தளம் லத்தீன்-1 என்று பதிவாகியிருக்கிறது. எழுதும்போதும் அதே தப்பு, படிக்கும்போதும் அதே தப்பு, இரண்டும் சரிக்குச் சரியாகப் போய்த் திரையில் ஒன்பது வருடம் நல்ல தமிழாகத் தெரிந்திருக்கிறது.

இங்கே பலர் செய்கிற பிழை, திரையில் தெரிகிற கிறுக்கலை நகலெடுத்து ஏதாவது ஒரு மாற்றியில் போட்டுத் தமிழாக்கப் பார்ப்பது. அதைச் செய்யாதீர்கள். விண்டோஸின் மேற்கத்திய எழுத்துப் பட்டியலில் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. புள்ளியின் மூன்றாவது பைட் 141. உகரக் குறியின் மூன்றாவது பைட் 129. 'ஏ' 143, 'ஐ' 144. நகலெடுக்கும்போது காலியிடத்தில் இருக்கிற இவை உதிர்ந்துபோக வாய்ப்பு அதிகம். புள்ளியும் உகரமும் போன தமிழை யாரால் மீட்க முடியும்? அவசரத்தில் நானும் முதலில் பத்து சொல்லை அப்படி மாற்றிப் பார்த்தேன். 'முடுக்கு' வந்தபோது உகரக் குறி மூன்றும் இல்லை, புள்ளியும் இல்லை. கை நடுங்கிவிட்டது.

சரியான வழி, தரவுத்தளத்திலிருந்து நகல் எடுக்கும்போதே லத்தீன்-1 என்று சொல்லி எடுப்பது. தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் அப்போது எதையும் மாற்றாது, உள்ளே இருக்கிற பைட்டுகளை அப்படியே கோப்பில் கொட்டும். அந்தக் கோப்பை யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் போதும். திறந்தேன். முதல் வரியில் 'அங்கணம்' என்று, புள்ளியோடு, முழுசாக நின்றது.

அடுத்து பக்கம் செய்வது. என் தம்பி மகன் அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். "அத்தே, ஹியூகோ போட்டுருவோம், அஞ்சு நிமிசத்துல எல்லாப் பக்கமும் வந்துரும்" என்றான். ஹியூகோ, ஜெக்கில் மாதிரியான நிரல்கள் எழுத்தையும் வார்ப்புருவையும் சேர்த்து மொத்தத் தளத்தையும் ஒரே தடவையில் கோப்புகளாகச் செய்து தருபவை. நல்லவைதான், உங்களுக்குப் பரிந்துரைக்கவும் செய்வேன். ஆனால் எனக்குத் தேவைப்பட்டது அதைவிடச் சின்னது. கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி ஒட்டுவதற்கு நான் நாள்தோறும் செய்கிற மெயில் மெர்ஜ் வேலை இது. ஒரு வரிசையில் சொல், அடுத்ததில் பொருள், அடுத்ததில் வாக்கியம், அடுத்ததில் ஒலிக்கோப்பின் பெயர். நான் அட்டவணையைச் சீர்செய்தேன். அவன் அதைப் பக்கங்களாக்கும் பைத்தான் நிரலை எழுதித் தந்தான். அறுபது வரி இருக்கும். எதைப் பயன்படுத்தினாலும் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த நிரல் நாளைக்கு ஓடாமல் போனாலும், அது செய்து கொடுத்த பக்கங்கள் தனியாக உயிரோடிருக்க வேண்டும். புதிதாகச் சேர்க்கத்தான் நிரல் வேண்டும், படிப்பதற்கு வேண்டாம்.

பக்கங்களின் இணைய முகவரி விஷயத்தில்தான் அதிக நாள் போனது. தமிழில் முகவரி வைத்தால் உலாவி அதை உள்ளுக்குள் விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக மாற்றித்தான் அனுப்பும். ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. 'திருநெல்வேலி' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, யூனிகோடில் 12 குறி, முகவரியில் 108 எழுத்து. என் பழைய மென்பொருள் முகவரியை 200 எழுத்தோடு வெட்டிவிடும். அதாவது 22 தமிழ்க் குறிக்கு மேல் போகாது. ஒற்றைச் சொல் பக்கங்களுக்குப் பிரச்சினை இல்லை. நீளமான தலைப்பு வைத்த கட்டுரைகளெல்லாம் பாதி வார்த்தையில் அறுந்து நின்றன. அழகாக மாற்றிவிடலாமே என்று கை பரபரக்கும். மாற்றாதீர்கள். அந்த அறுந்த முகவரியைத்தான் யாரோ எங்கோ குறித்துவைத்திருப்பார்கள். நான் அறுந்ததை அறுந்தபடியே வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பழைய முகவரிக்கும் அதே பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் முகப்புக் கோப்பு ஒன்று. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எதுவும் மாறவில்லை. தவிர்க்கவே முடியாத சிலவற்றுக்கு மட்டும் 301 என்கிற நிரந்தரத் திருப்புதல் போட்டேன்.

எல்லாம் ஏற்றிவிட்டுச் சோதித்தால் 'சொளகு' திறக்கவில்லை. 'கொடி' திறக்கவில்லை. 'சோறு' திறக்கவில்லை. கோப்புறை கண்ணெதிரே இருக்கிறது, சர்வர் இல்லை என்கிறது. ஒகர, ஓகாரச் சொற்களில் மட்டும் இது வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு முழு இரவு ஆனது. யூனிகோடில் 'ொ' என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். சில கணினிகள் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தாமாகவே பிரித்து எழுதிவிடும். சர்வருக்கு ஐந்து குறி உள்ள 'சொளகு' வேறு, ஆறு குறி உள்ள 'சொளகு' வேறு. எல்லாப் பெயர்களையும் ஒட்டிய வடிவத்துக்கு மாற்ற பைத்தானிலேயே ஒரு வரிக் கட்டளை இருக்கிறது. ஏற்றுவதற்கு முன்னால் அதை ஓட்டிவிடுங்கள்.

இழந்தது என்ன என்று கேட்பீர்கள். தேடல் பெட்டி போனது. அதற்குப் பதில் எல்லாச் சொல்லையும் ஒரே பக்கத்தில் அகர வரிசையில் போட்டேன், உலாவியின் 'பக்கத்தில் தேடு' போதுமானதாக இருக்கிறது. (அகர வரிசையைக் கணினியிடம் விட்டுவிடாதீர்கள். அதன் எண் வரிசைப்படி போனால் றகரம் ரகரத்தை ஒட்டி வரும், னகரம் நகரத்தை ஒட்டி வரும், ழவும் ளவும் வகரத்துக்கு முன்னால் நிற்கும். நம் வரிசையைத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.) தொடர்புப் படிவம் போனது, மின்னஞ்சல் முகவரி போட்டிருக்கிறேன். வருகையாளர் எண்ணிக்கை போனது, தேடவில்லை.

கருத்துகளை மட்டும் விட மனசு வரவில்லை. அறுநூற்றுச் சொச்சம் இருந்தன, அவற்றில் சில சொல்லைவிட மதிப்புள்ளவை. 'தாக்கல்' என்றால் எங்களுக்குச் சேதி. யாராவது இறந்துபோனால் "தாக்கல் சொல்லியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பக்கத்தில் ராதாபுரம் பக்கத்து அம்மா ஒருவர், தன் கல்யாணத்துக்குப் போன தாக்கல் வெள்ளத்தில் ஆற்றங்கரையிலேயே நின்றுபோன கதையை எழுதியிருந்தார். எல்லாக் கருத்துகளையும் அந்தந்தப் பக்கத்தின் அடியில் சாதாரண எழுத்தாகவே சேர்த்துவிட்டேன். புதிதாக எழுத விரும்புகிறவர்கள் மின்னஞ்சல் அனுப்புகிறார்கள், நானே சேர்க்கிறேன். மாதத்துக்கு நாலைந்து வரும். நகலில் விடுபட்டிருந்த சில கருத்துகள் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் கிடைத்தன. உங்கள் தளத்தின் பழைய பக்கங்கள் அங்கே இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒலிக்கு வருகிறேன். பழைய செருகுநிரல், உலாவியில் ஒலியும் படமும் ஓட்டுகிற ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் ஓடியது. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அதற்கு வெகு முன்பே செல்போன்களில் அது ஓடாது. ஆக, செல்போனில் வந்தவர்கள் யாருமே ஆச்சி குரலைக் கேட்டதில்லை, எனக்கே அது தெரியாது. எம்பி3 கோப்புகள் மட்டும் சேதமில்லாமல் ஒரு கோப்புறையில் கிடந்தன, பெயருக்குப் பதில் எண்ணாக. இப்போது எச்டிஎம்எல்-லிலேயே ஒலிக்கு ஒரு குறி இருக்கிறது, ஒரே வரி. எந்த எண் எந்தச் சொல் என்று பார்க்க ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயர் வைத்தேன். கடையை அடைத்த பிறகு இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, ஏறக்குறைய இரண்டு மாதம். ஒவ்வொரு பதிவிலும் பின்னால் இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம். கிரீச், கிரீச் என்று ஒரே தாளத்தில். ஒரு சொல்லை நினைத்துப் பார்க்கிறபோது மட்டும் சத்தம் நிற்கும், சொல் வந்ததும் கத்தரி மறுபடி ஓடும். அதற்கு முன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அதைக் கவனித்ததில்லை.

எங்கே வைப்பது என்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். கோப்புகள்தானே, எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். தளக் கோப்புகளை வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் 1 ஜிபி வரை இலவசம். முகவரிப் பெயர் (டொமைன்) மட்டும் உங்கள் பெயரில் இருக்கட்டும், வருடா வருடம் மறக்காமல் புதுப்பியுங்கள். இடம் மாறினாலும் முகவரி மாறாது.

பக்கங்களுக்குள் இணைப்புக் கொடுக்கும்போது தளத்தின் முழு முகவரியை எழுதாமல், பக்கத்துக் கோப்புறையில் இருக்கிற இந்தக் கோப்பு என்கிற மாதிரி எழுதுங்கள். அப்போது மொத்தத் தளமும் பென்டிரைவிலிருந்தே, நெட் இல்லாமல் திறக்கும். 2023 டிசம்பர் 17, 18-ல் இங்கே பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு முழுகியது. என் கடைக்குள்ளும் தண்ணீர் ஏறி, கணினி இரண்டும் போயின. தளம் சர்வரில் பத்திரமாக இருந்தது, ஆனால் ஊரில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. முக்கூடலில் அம்மா வீட்டில் மடிக்கணினியில் மிச்சமிருந்த சார்ஜில் பென்டிரைவைச் சொருகினேன். சித்தி, சித்தி மக்கள், பக்கத்து வளவுப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து ஆச்சி பேசுவதைக் கேட்டோம். அந்தப் பென்டிரைவ் மாதிரி மூன்று, மூன்று வீடுகளில் இருக்கின்றன.

யார் மாற்றக் கூடாது என்றும் சொல்லிவிட வேண்டும். தளத்தில் பொருள் விற்கிறீர்கள், உறுப்பினர்கள் உள்நுழைகிறார்கள், நாலு பேர் சேர்ந்து நாள்தோறும் எழுதுகிறீர்கள் என்றால் வெறும் பக்கம் உங்களுக்கு ஒத்துவராது. இருக்கிற மென்பொருளை ஒழுங்காகப் பராமரிக்க ஆள் பாருங்கள். எழுதி முடித்தவை, அடிக்கடி மாறாதவை, உங்களுக்குப் பிறகும் யாராவது படிக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பவை, இவை மட்டும் இருக்கிற தளம் என்றால் தயங்க வேண்டாம்.

உங்கள் தளம் இன்னும் திறக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மாற்றுவது பற்றிய முடிவை அடுத்த மாதம்கூட எடுக்கலாம். டபிள்யூகெட்டை மட்டும் இன்று ராத்திரியே ஓட்டிவிடுங்கள். இறங்கியதும் ஏதாவது ஐந்து பக்கத்தைத் திறந்து, புள்ளியும் உகரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லை என்றால் தரவுத்தளத்தைத் தொடாமல் இங்கே கீழே எழுதுங்கள், நான் பார்க்கிறேன்.